அழகு அறுவைக்கு வரி உண்டு, வரையறை எங்கே?

புது தில்லி: மோவாய்க்குக் கீழே தொங்கும் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது மருத்துவமா, ஒப்பனையா? இக்கேள்விக்கு மத்திய நிதி அமைச்சகத்திடம் தெளிவான விடை இருக்கிறது. சுகாதார அமைச்சகத்திடம் இல்லை.

2009 ஜூலையில் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில், அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி அழகு அறுவை சிகிச்சையைச் சேவை வரி வளையத்துக்குள் கொண்டுவந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி அமலானபோதும் அந்தக் கோடு அழியவில்லை. மருத்துவச் சேவைகளுக்கு விலக்கு அளித்த அறிவிக்கை, முடி நடுதல், அழகு அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி ஆகிய மூன்றையும் விலக்குக்கு வெளியே நிறுத்தியது. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பின் அமைப்பையோ செயலையோ மீட்பதற்கான அறுவையாக இருந்தால் மட்டும் வரி இல்லை. மற்றவற்றுக்கு 18 சதவீதம்.

இந்த வரையறையில் குறை காண்பது கடினம். தீக்காயத்தால் மோவாயும் மார்பும் ஒட்டிப்போன பெண்ணின் கழுத்தை விடுவிப்பது மருத்துவம். திருமணப் புகைப்படத்துக்காகத் தாடையைச் செதுக்கிக்கொள்வது விருப்பச் செலவு. இரண்டையும் ஒரே மருத்துவரே செய்யலாம், ஒரே மேசையில் செய்யலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வரி வசூலிப்பவருக்குப் பளிச்செனத் தெரிந்த இந்த வேறுபாடு, அறுவைக்குப் படுப்பவரின் உயிரைக் காக்க வேண்டிய சட்டங்களில் தென்படவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கேரளத்தில் நடந்தது

திருவனந்தபுரம் கழக்கூட்டம் பகுதியில் உள்ள தனியார் அழகு சிகிச்சை நிலையம் ஒன்றில் 2025 பிப்ரவரியில் இளம் பெண் ஒருவர் வயிற்றுக் கொழுப்பை நீக்கும் அறுவையைச் செய்துகொண்டார். மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் உடல்நிலை மோசமடைந்து, வேறொரு மருத்துவமனையில் செயற்கைச் சுவாசத்தில் வைக்கப்பட்டார். உயிர் மிஞ்சியது. கை, கால்களில் ஒன்பது விரல்களை அகற்ற நேர்ந்தது. மாநில மருத்துவ நிறுவனச் சட்டத்தின் கீழ் அந்த நிலையம் பெற்றிருந்த பதிவு பின்னர் ரத்தானது. பதிவு இருந்ததும் உண்மை, விரல்கள் போனதும் உண்மை. பதிவு என்பது எதற்கு உத்தரவாதம் என்ற கேள்வி அப்போதுதான் கேரளத்தில் உரக்க எழுந்தது.

அதே ஆண்டில், கொச்சி நகரில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு உச்சந்தலையில் தசையைத் தின்னும் தொற்று ஏற்பட்டு, அடுத்தடுத்துப் பல அறுவைகளுக்கு உள்ளாக நேர்ந்ததும் செய்தியானது. இதற்கு முன் 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்கும் அறுவையைத் தொடர்ந்து உயிரிழந்தார். அவருக்கு வயது 21. சென்னையிலும் இத்தகைய நினைவு உண்டு: 2016-இல் முடி நடும் சிகிச்சைக்குச் சென்ற மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். தானே மருத்துவராகப் போகிறவருக்கே அந்த இடத்தின் குறை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மற்றவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரியில் கேரளம் பின்தங்கிய மாநிலம் அன்று. இந்தியாவின் முதல் இரட்டைக் கை மாற்று அறுவை 2015 ஜனவரியில் நடந்தது கொச்சியில், அமிர்தா மருத்துவ நிறுவனத்தில்தான். அதே நகரில் அதே துறையின் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் எதைச் செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

சிறிய அறுவை என்னும் மயக்கம்

வயிறு, தொடை ஆகியவற்றோடு ஒப்பிட்டால் கழுத்தில் எடுக்கப்படும் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் இது "சின்ன வேலை" என்றே விற்கப்படுகிறது. மதிய உணவு இடைவேளையில் வந்து போகலாம் என்கிற அளவுக்கு விளம்பரம் செய்வோரும் உண்டு.

மருத்துவம் வேறு விதமாகச் சொல்கிறது. கொழுப்பு உறிஞ்சும் முறை 1970-களில் இத்தாலியிலும் பிரான்சிலும் உருவானது. 1980-களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன், மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் மருந்தை மிக நீர்த்த கரைசலாக்கிக் கொழுப்புத் திசுவுக்குள் செலுத்தும் உத்தியைக் கொண்டுவந்தார். முழு மயக்கம் தேவையில்லை, இரத்த இழப்பும் குறைவு என்றானபின் இந்த அறுவை பெரிய மருத்துவமனையிலிருந்து தெருமுனைக் கிளினிக்குக்கு இறங்கி வந்தது. நன்மையும் அதனால்தான், தீமையும் அதனால்தான்.

வயிற்றில் ஆபத்து அளவைப் பொறுத்தது. ஒரே அமர்வில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் அது பேரளவு அறுவை. உடலின் நீர்ச்சமநிலை குலையும். கொழுப்புத் துகள் நுரையீரலுக்குச் சென்று அடைக்கலாம். கழுத்தில் ஆபத்து இடத்தைப் பொறுத்தது. தோலுக்கும் மெல்லிய கழுத்துத் தசைக்கும் நடுவே உள்ள கொழுப்பைத்தான் குழாய் உறிஞ்ச வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் மூச்சுக்குழாயும் பெரிய இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. தாடை விளிம்பையொட்டிச் செல்லும் நரம்புக் கிளை அடிபட்டால் சிரிக்கும்போது கீழுதடு கோணும். உள்ளே இரத்தம் கசிந்து கட்டினால் மூச்சுப் பாதை அழுத்தப்படும். அப்போது எஞ்சியிருப்பவை சில நிமிடங்களே. மூச்சுக்குழல் செருகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இருக்கிறாரா என்பதே உயிரைத் தீர்மானிக்கும்.

கத்தியே வேண்டாம், ஊசி போதும் என்பவர்களும் உண்டு. பித்தநீரில் இயல்பாக உள்ள டிஆக்ஸிகோலிக் அமிலத்தை மோவாய்க்கொழுப்பைக் கரைக்கும் ஊசியாகப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015-இல் அனுமதி அளித்தது. அதே நிர்வாகம்தான், அனுமதி பெறாத கொழுப்புக் கரைப்பு ஊசிகளால் நிரந்தர வடுவும் கடும் தொற்றும் ஏற்படுவதாக 2023-இல் எச்சரித்தது.

இன்னொன்றையும் விளம்பரங்கள் சொல்வதில்லை. கழுத்துப் பருமன் எப்போதும் அழகுப் பிரச்சினை அன்று. தைராய்டு வீக்கமாக இருக்கலாம். பிடரியில் திரளும் கொழுப்பு, ஸ்டீராய்டு மருந்தின் விளைவாகவோ குஷிங் நோயின் அடையாளமாகவோ இருக்கலாம். நெடுங்காலம் மது அருந்தியவர்களுக்குக் கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு வளையம் உண்டாவதும் அறியப்பட்ட நோயே. கழுத்துச் சுற்றளவு மிகுந்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் வாய்ப்பு அதிகம். இவர்களை முதலில் பார்க்க வேண்டியவர் பொது மருத்துவர். "முன் - பின்" படம் எடுப்பவர் அல்லர்.

சந்தை மட்டும் சுருங்கப் போவதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அதிக எடை கொண்ட பெண்கள் நாட்டளவில் 24 சதவீதம், கேரளத்தில் 38.1 சதவீதம், தமிழகத்தில் 40.4 சதவீதம். எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் 2025 முதல் இந்திய மருந்துக் கடைகளுக்கு வந்துவிட்டன. உடல் வேகமாக இளைத்தால் கழுத்துத் தோல் தளர்ந்து தொங்கும். பருமனாக இருந்தபோது வராதவர்கள், இளைத்தபின் வருவார்கள்.

மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு பயணம்

கொச்சியின் பழைய பகுதியான மட்டாஞ்சேரியில் வசிக்கும் ஒருவர் இந்த அறுவையைச் செய்துகொள்ள எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய மருத்துவமனைகளும் பகட்டான அழகு நிலையங்களும் பெரும்பாலும் காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளம் பக்கம் இருக்கின்றன. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியில் நீர் மெட்ரோ முனையம் திறக்கப்பட்டபின் பயணம் எளிதாகிவிட்டது. சேர்ந்தபின் அவர் எதைப் பார்த்து நம்புவது?

சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டப்பட்டிருக்கும். 2018-ஆம் ஆண்டின் கேரள மருத்துவ நிறுவனங்கள் (பதிவு, ஒழுங்குமுறை) சட்டம் அதைக் கோருகிறது. அந்த நிறுவனம் பதிவு பெற்றது என்பதை அவர் அதிலிருந்து அறியலாம். கழுத்தில் குழாயைச் செலுத்தும் அளவுக்கு அங்கே ஆளும் கருவியும் உண்டா என்பதை அறிய முடியாது. மருத்துவரின் பெயரை மாநில மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் தேடலாம். எம்.பி.பி.எஸ். உண்டு என்று தெரியவரும். "காஸ்மெடிக் சர்ஜன்" என்ற பட்டம் அங்கே இருக்காது. ஏனெனில் இந்தியச் சட்டத்தில் அப்படியொரு பட்டமே கிடையாது. இல்லாத பட்டத்தை யாரும் சூட்டிக்கொள்ளலாம். தடுப்பதற்கும் தெளிவான விதி இல்லை.

இங்கே மட்டாஞ்சேரியின் பழைய கதை ஒன்றை நினைவுகூர்வது பொருத்தம். அங்குள்ள திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றி வாழ்வது கொங்கணி சமூகம். டச்சுக்காரர்களின் மலபார் தளபதி வான் ரீட், கேரளத்துத் தாவரங்களைப் பற்றி "ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்" என்ற பெருநூலைத் தொகுத்தபோது, ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் மூன்று கொங்கணி வைத்தியர்களும் சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும் உதவினர். தாங்கள் யார், தங்கள் அறிவு எங்கிருந்து வந்தது என்று இவர்கள் 1675 ஏப்ரலில் எழுத்து மூலம் சான்று அளித்தனர். 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான முதல் தொகுதியிலேயே அச்சான்றுகள் இடம்பெற்றன. ஒரு செடியின் குணத்தைச் சொல்வதற்கே தன் தகுதியைக் கையெழுத்திட்டுச் சொன்ன காலம் அது. இன்று கழுத்தை அறுப்பவரிடம் அதே கேள்வியைக் கேட்டால், வரவேற்பறைப் பெண் தள்ளுபடிச் சீட்டை நீட்டுகிறார்.

கழுத்து யாருக்குச் சொந்தம்?

தகுதி யாருக்கு என்பதில் மருத்துவ உலகிலேயே உடன்பாடு இல்லை. பிளாஸ்டிக் சர்ஜன்கள் இது தங்கள் துறை என்கின்றனர். மரத்துப்போகச் செய்து கொழுப்பை உறிஞ்சும் உத்தியைத் தந்ததே நாங்கள்தான் என்கின்றனர் தோல் மருத்துவர்கள். காது-மூக்கு-தொண்டை நிபுணர்களுக்கும் கழுத்து அன்றாடக் களமே. பல் மருத்துவத்தில் வாய்-முகத்தாடை அறுவை பயின்றவர்கள் முக அழகு அறுவையும் முடி நடுதலும் செய்யலாம் என்று இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2022 டிசம்பரில் முடிவு செய்தது. தோல் மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. வழக்கு நீதிமன்றங்களை எட்டியது.

அதற்கு மூன்று மாதம் முன்னர்தான், அதாவது 2022 செப்டம்பரில், தேசிய மருத்துவ ஆணையம் முடி நடுதல் குறித்த வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பயிலரங்கில் வேடிக்கை பார்த்ததும் யூடியூபில் பார்த்துக் கற்றதும் பயிற்சி ஆகாது என்று அதில் எழுத வேண்டியிருந்தது. இப்படி ஓர் ஆணையம் எழுத நேர்ந்ததே நிலைமை என்ன என்பதைக் காட்டிவிடுகிறது. தில்லியில் முடி நடுதலுக்குப்பின் ஒருவர் இறந்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் கவலை தெரிவித்ததும் அவ்வாண்டுதான். ஒரு சாவு, ஒரு நீதிமன்றம், ஒரு வழிகாட்டு நெறி என்பதே இத்துறையின் நடைமுறையாகிவிட்டது. தலைமுடிக்கு ஒரு தாள் கிடைத்தது. கழுத்துக் கொழுப்புக்கு அப்படியொரு தனித் தாள் இல்லை.

விளம்பரம் இன்னொரு ஓட்டை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் (ஆட்சேபகர விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் உடற்பருமனும் உண்டு. பருமனைக் குணப்படுத்தும் என்று ஒரு மருந்தை விளம்பரம் செய்தால் குற்றம். ஆனால் அச்சட்டம் மருந்தைப் பற்றியது. குழாயும் கத்தியும் அதில் அடங்கா. மருத்துவர் தம்மை விளம்பரப்படுத்தக் கூடாது என்கிற 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதி மருத்துவரைக் கட்டுப்படுத்தும். நிறுவனத்தின் பெயரில் வரும் விளம்பரத்தை மடக்குவது கடினம். சமூக ஊடக நடத்தையையும் உள்ளடக்கிய புதிய விதிகளைத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் அறிவித்தது. மருத்துவர் அமைப்புகளின் எதிர்ப்பு கிளம்பியது. அம்மாதம் முடிவதற்குள் அவை நிறுத்திவைக்கப்பட்டன.

வரிக் கொள்கையும் ஒரு விபரீதத்தைச் சேர்த்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையம், உடற்பயிற்சிக்கூடம் போன்றவற்றின் சேவைகளுக்கான வரி 18-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அழகு அறுவைக்கு 18 சதவீதமே தொடர்ந்தது. செய்வது அறுவை, ரசீது ஒப்பனைக்கு என்று எழுதும் ஆசை சிலருக்கு வராமல் இருக்குமா? ரசீதில் மறையும் அறுவை, பிறகு வழக்கு மன்றத்திலும் மறையும்.

பிறகு வரும் நீதி

பாதிக்கப்பட்டவருக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. பணம் கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. அறுவையின் தன்மை, மாற்று வழி, ஆபத்து ஆகியவற்றைச் சொல்லிப் பெறுவதே சம்மதம் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் விளக்கியது. ஆனால் குற்றவியல் வழக்கு என்றால் சாதாரணத் தவறு போதாது, கொடிய அலட்சியம் வேண்டும். அதற்குமுன் சுதந்திரமான மருத்துவக் கருத்தும் வேண்டும் என்பது 2005-இன் ஜேக்கப் மாத்யூ தீர்ப்பு. நோயாளியைக் காப்பாற்ற முயன்ற மருத்துவரைச் சிறைக்கு அஞ்ச வைக்கக் கூடாது என்ற அத்தீர்ப்பின் நியாயம் சரியானதே. நோயே இல்லாத ஒருவரை அழைத்துவந்து மேசையில் படுக்க வைத்தவருக்கும் அதே கவசம் தேவையா என்பதைத்தான் சட்டம் படித்தவர்கள் விவாதிக்க வேண்டும்.

காப்பீடும் கைகொடாது. அழகு அறுவையை விலக்கும் நிபந்தனை எல்லா மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களிலும் ஒரே வாசகத்தில் உள்ளது. தவறிப்போனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் செலவு குடும்பத்தின் தலையில் விழும் அபாயம் உண்டு. இதைக் கையெழுத்து வாங்கும்போது சொல்பவர்கள் அரிது.

பிற நாடுகள் சூடு பட்டபின் திருந்தின. பிரிட்டனில் மார்பகச் செயற்கைப் பைகள் தொடர்பான ஊழலுக்குப்பின் அமைந்த கியோ குழு, முகத்தில் நிரப்பு ஊசி போட்டுக்கொள்பவருக்குப் பல் தூரிகை வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்புக்கு மேல் எதுவும் இல்லை என்று 2013-இல் கண்டது. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அழகு அறுவைக்குமுன் பொது மருத்துவரின் பரிந்துரையையும், சம்மதம் தந்தபின் ஏழு நாள் காத்திருப்பையும் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் "சர்ஜன்" என்ற சொல்லையே சட்டத்தால் காத்தது. பெயர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்ற மோசடி மலிந்த தென் கொரியாவில், முழு மயக்கத்தில் நடக்கும் அறுவைகளுக்காக அறுவை அரங்கில் கேமரா வைப்பது 2023 செப்டம்பரில் கட்டாயமானது. இவற்றில் ஏழு நாள் காத்திருப்புக்கு அரசுக்கு ஒரு காசு செலவில்லை. இன்று மட்டுமே தள்ளுபடி என்ற வியாபாரத்தை அது ஒன்றே முறித்துவிடும்.

யார் செய்வது?

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவத் தொழில் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசு மாநிலங்களைக் காட்டுவதற்கும் மாநிலங்கள் தில்லியைக் காட்டுவதற்கும் இது வசதியான ஏற்பாடு. 2010-இன் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தைக் கேரளமும் தமிழகமும் ஏற்கவில்லை. தமிழகத்துக்கு 1997-இலேயே தனிச் சட்டம் உண்டு. 2018-இல் அது திருத்தப்பட்டது. சட்டம் இயற்றும் தில்லியே பல பத்தாண்டுகள் 1953-ஆம் ஆண்டின் மருத்துவ இல்லப் பதிவுச் சட்டத்தை வைத்துக் காலம் தள்ளியது.

கேரளச் சட்டத்தை எதிர்த்துத் தனியார் மருத்துவமனை உரிமையாளர்களும் இந்திய மருத்துவச் சங்கமும் தொடுத்த வழக்கில், கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பரில் அச்சட்டம் செல்லும் என்று கூறியது. சேவைகளையும் கட்டணங்களையும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கட்டணப் பலகை வந்துவிட்டால் மட்டாஞ்சேரிக்காரருக்கு விலை தெரிந்துவிடும். அதற்கு அருகிலேயே, அறுவை செய்பவரின் பட்டம் எது, மயக்க மருத்துவர் யார், மூச்சுத் தடைபட்டால் என்ன ஏற்பாடு என்ற மூன்று வரிகளைச் சேர்க்கப் புதிய சட்டம் தேவையில்லை. நிறுவனங்களை வகைப்படுத்தித் தரம் நிர்ணயிக்கும் பொறுப்பு, அச்சட்டத்தின் கீழ் அமைந்த மாநிலக் கவுன்சிலிடமே உள்ளது. அழகு அறுவை நிலையங்களைத் தனி வகையாக்க விரும்பினால், அதற்கான வரையறையைத் தேடி அலையவும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் வரி அறிவிக்கையில் அது தயாராக இருக்கிறது.